ராய்ஸ் மூடிய மூன்று கிணறுகள்

தம்பி வீட்டுக்கு டார்லா ஹால்வர்சன் வெறுங்கையோடு போனதே இல்லை. அந்த மார்ச் மாதக் காலையிலும் வண்டியின் பக்கத்து இருக்கையில் துணி போர்த்திய தட்டு ஒன்று இருந்தது. அதில் பன்னிரண்டு பீராக். மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்துச் சுட்ட ரொட்டி. ராய்ஸுக்கு அது என்றால் உயிர். அவனிடம் காரியம் ஆக வேண்டுமானால் முதலில் வயிற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை அவள் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தாள்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. தட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான்.

"பீராக் வந்திருக்குன்னா ஏதோ பெருசாக் கேக்கப் போறேன்னு அர்த்தம். உக்காரு. காபி சூடா இருக்கு."

அவன் இரண்டு தின்று முடிக்கும்வரை டார்லா பொறுத்தாள். அப்புறம் சொன்னாள்.

"மூணு போர்க் கிணத்தையும் மூடணும், ராய்ஸ்."

மூன்றாவதைக் கையில் எடுத்திருந்தவன் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"மூணுமா? நாலுன்னு ஆரம்பிச்சு மூணுக்கு இறங்கி வந்திருக்கலாமே. ஆறு வருஷமா தண்ணி வாரியத்துல உக்காந்திருக்க, பேரம் பேசக்கூடவா கத்துக்கல?"

"விளையாடாத."

"நான் விளையாடல. நீதான் என் கழுத்துல கைய வச்சிட்டு விளையாடாதங்கற."

விஷயம் அவனுக்கும் தெரியாததில்லை. கிழக்குக் கொலராடோவின் அந்த மேட்டு நிலத்தில் மழையை நம்பி மக்காச்சோளம் போட்டவன் எவனும் உருப்பட்டதில்லை. எல்லாம் நிலத்தடித் தண்ணீர். சாண்ட்வில்லோ ஆறும் அதே தண்ணீரில்தான் ஊறி ஓடியது. ஆற்றுக்கு ஊற வேண்டியதை ஐம்பது வருடமாகக் கிணறுகள் குடித்துவிட, ஆறு இப்போது மணல் கோடாகக் கிடந்தது. பாலத்துக்கு மேற்கே ராய்ஸின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு மடுவில் மட்டும் வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கத்து மாநிலம் தன் பங்குத் தண்ணீர் வரவில்லை என்று வழக்குப் போட்டு ஜெயித்திருந்தது. ஐந்து வருடத்துக்குள் ஆற்றோரக் கிணறுகளை ஆட்கள் தாங்களாகவே இழப்பீடு வாங்கிக்கொண்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் அரசே மாவட்டம் முழுக்க எல்லா மோட்டாரையும் நிறுத்திவிடும் என்பது பேச்சு.

"யாராவது ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க வருவாங்க. உன் போரு மூணும் ஆத்துக்கு அரை மைல்கூட இல்ல. நீ மூடினா அந்த மடு பொழைச்சுக்கும். கெடு வரைக்கும் காத்திருந்தா ஒரு காசு தராம மூடிருவான், ராய்ஸ். எல்லாருக்கும் மூடிருவான்."

"உன்னோடது?"

டார்லா காபிக் கோப்பையைச் சுற்றினாள். அவளுக்கும் கணவன் ஓரினுக்கும் ஆற்றின் தென்கரையில் இரண்டு கிணறு. ராய்ஸின் கிணறுகளைவிட ஆழம்.

"அடுத்த வருஷம் நாங்க. ஓரின்கிட்ட பேசிட்டேன்."

"ஒத்துக்கிட்டானா?"

"ம்."

ஓரின் சொன்னது "பார்க்கலாம்" என்று. முப்பத்து நான்கு வருட இல்லறத்தில் அவன் பார்க்கலாம் என்று சொன்னது எதுவும் நடந்ததில்லை. வீட்டுக்குப் புதுக் கூரை, அவள் அக்கா மகள் கல்யாணத்துக்கு டென்வர் போவது, ஒன்றும் நடக்கவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் அவள் 'ம்' என்றாள். அந்த நேரத்தில் அது பொய்யாகப்படவில்லை. தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டால் கணவனுக்கும் வேறு வழி இருக்காது என்று கணக்குப் போட்டாள்.

ராய்ஸ் எழுந்து தன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக்கொண்டான். மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம். ஒரே மகள் ஐடஹோவில். அந்த வீட்டில் அவனுக்குத் துணை இரண்டு நாய்களும் அந்த மூன்று மோட்டார் சத்தமும்தான்.

"வேற எவனாவது வந்து கேட்டிருந்தா நாயை அவுத்து விட்டிருப்பேன்," என்றான். "சரி. நீ சொல்றேன்னா சரி."

மே மாதம் ஆட்கள் வந்தார்கள். குழாயை உருவி எடுத்து, துளைக்குள் சரளையும் களிமண்ணும் இறக்கி, மேலே சிமெண்டைக் கொட்டினார்கள். மூன்றாவது கிணற்றுக்கு ராய்ஸ் தானே சிமெண்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை. முடிந்ததும் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "நம்ம ரைசிக் குடும்பத்துல பொணத்துக்குக்கூட இவ்வளவு சிமெண்ட் போட்டதில்ல," என்றான். ஆட்கள் சிரித்தார்கள். டார்லாவும் சிரித்தாள்.

முதல் வருடம் நல்லபடியாகத்தான் இருந்தது. ராய்ஸைப் பார்த்து மேல்கரையில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பனியும் நன்றாகப் பெய்தது. அடுத்த வசந்தத்தில் மடு கரை தாண்டிக் கால் மைல் தூரம் ஓடியது. மாநில மீன்துறையிலிருந்து மாரிசோல் என்ற பெண் வந்து வலை போட்டாள். வயது முப்பதுக்குள் இருக்கும். இடுப்புவரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு சேற்றில் எருமை மாதிரி சந்தோஷமாக நிற்பாள். ஒரு கண்ணாடிக் குப்பியில் நான்கு மீனைப் பிடித்துக் காட்டினாள். விரல் நீளம்கூட இல்லை. வெயில் பட்டதும் பக்கவாட்டில் பித்தளை மாதிரி மின்னியது. அதன் பெயர் பித்தளைப்பொடி என்றாள். இந்த ஆற்றில் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இருந்ததாம். இப்போது இந்த மடுவை விட்டால் அடுத்தது அறுபது மைல் தள்ளி.

டார்லா தம்பியைப் போன் போட்டு வரவழைத்தாள். அவன் குப்பியைத் தூக்கிப் பார்த்தான்.

"இந்தத் துக்கடாவுக்கா? பீராக்குக்குள்ள வச்சா ஒரு வாய்க்குக் காணாது."

"அது உங்க மீன், மிஸ்டர் ரைசிக்," என்றாள் மாரிசோல். "நீங்க மூடலைன்னா இது இருக்காது."

"ராய்ஸ்னே கூப்பிடும்மா," என்றான். குப்பியை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டு நிமிடம் கையிலேயே வைத்திருந்தான்.

அவன் நிலம்தான் பிழைக்கவில்லை. சோளம் நின்ற நானூறு ஏக்கரில் பழைய புல்வெளியைக் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. விதைத்தான். முளைத்த புல்லைக் கோடை கருக்கியது. மறுபடி விதைத்தான். அதற்குள் காற்று மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உருண்டு வந்த முள்செடிகள் வேலியில் அடைந்து, அதன் மேல் மண் சேர்ந்து, வடக்கு வேலி இருந்த இடமே தெரியாமல் மேடானது. கன்றுகள் மணல் மேட்டில் ஏறி வேலியைத் தாண்டிப் போயின. ராய்ஸ் மாடுகளை விற்றான். இழப்பீட்டில் பாதி பழைய டிராக்டர் கடனுக்குப் போயிற்று. மீதியை மகளுக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டப் போனான். அறுபது வயதில் மஞ்சள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சக விவசாயிகளின் பேரப்பிள்ளைகளை வாசல் வாசலாக ஏற்றினான்.

டார்லா அந்தக் கோடை முழுக்க ஓரினிடம் பேசிப் பார்த்தாள்.

"சோளம் என்ன விலை போகுது தெரியுமா? இந்த வருஷம் போகட்டும்," என்றான் ஓரின்.

"நான் ராய்ஸ்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ குடுத்த. நான் குடுக்கல. நான் பார்க்கலாம்னுதான் சொன்னேன்."

"நிலம் என் பேர்லயும் இருக்கு."

"இருக்கு. அதனாலதான் ரெண்டு கையெழுத்து வேணும்." ஓரின் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் அவனிடம் கஷ்டம். "டார்லா, அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு பாரு. பல்லுல மண்ணு கடிபடுது. அது மாதிரி ஆகணுமா நமக்கும்? டெக்கர் குடும்பம் ஒன்பது கிணறு வச்சிருக்கு. அவங்க கையெழுத்துப் போடட்டும், அடுத்த நாள் நான் போடறேன்."

டெக்கர் குடும்பம் தனக்கு அடுத்தவனைக் காட்டியது. எல்லாரும் யாரையாவது காட்டினார்கள்.

அடுத்த பிப்ரவரியில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் வாரியக் கூட்டம் போட்டார்கள். எப்போதும் பத்துப் பேர் வருகிற கூட்டத்துக்கு அன்று நூறு பேருக்கு மேல். வாரியத்து வக்கீல் எழுந்து செய்தி சொன்னார். இரண்டு மாநிலமும் பேசி முடித்துவிட்டன. கெடு இன்னும் எட்டு வருடம் தள்ளிப் போகிறது. யார் மோட்டாரும் நிற்காது.

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. யாரோ விசிலடித்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த டார்லா கண்களைத் தாழ்த்திப் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கடைசி வரிசைக்குப் பின்னால் பஸ் டிரைவர் சட்டையோடு ராய்ஸ் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"ஒரு கேள்வி," என்றான். "மூடின கிணத்தத் திரும்பத் திறக்க முடியுமா?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "அது நிரந்தர ஒப்பந்தம். தண்ணி உரிமையே ரத்தாயிடுச்சு, சார். முடியாது."

"சும்மாதான் கேட்டேன்."

முன்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். அடக்கியது எல்லாருக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் டார்லா ஓடிப்போய் வாகனங்கள் நிற்கும் இடத்தில் தம்பியைப் பிடித்தாள். "ராய்ஸ், எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்கும் இன்னைக்குத்தான்..."

"தெரிஞ்சிருக்காது. நம்புறேன்." வண்டிக் கதவைத் திறந்தான். "கெடு தள்ளிப் போனதுக்கு நீ என்ன பண்ணுவ. நான் கேக்க வந்தது வேற. உன்னோட அடுத்த வருஷம் எப்ப வரும், டார்லா?"

அவள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓரின் ஒத்துக்கிட்டான்னு சொன்ன."

"பார்க்கலாம்னு சொன்னான்."

ராய்ஸ் தலையை மெல்ல ஆட்டினான், தெரிந்ததை உறுதி செய்துகொண்டவன் மாதிரி. பிறகு ஏறி வண்டியைக் கிளப்பினான். அன்றிலிருந்து அவள் போனை அவன் எடுக்கவில்லை. ஒருமுறை பீராக் செய்து வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அதே தட்டு, அதே துணி போர்த்தி, அவள் வீட்டுத் தபால் பெட்டியின் மேல் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

அந்த வருடம் பனி பெய்யவில்லை. கெடு தள்ளிப் போன தெம்பில் ஆளாளுக்கு மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டார்கள். ஜூலை பத்தாம் தேதி மாரிசோல் போன் செய்தாள். மடு வற்றுகிறது, நாளைக்குள் மீனை அள்ளாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. டிரக்கை மடுவரை கொண்டுபோக ராய்ஸின் நிலத்து வேலி வாயில் வழியாகத்தான் போக வேண்டும். "அவர் போனை எடுக்கல. நீங்க அவரோட அக்காதானே, கொஞ்சம் கேக்கறீங்களா?"

டார்லா போனாள். ராய்ஸ் கொட்டகை நிழலில் பஸ்ஸின் பழைய கண்ணாடி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"மடு வத்துதாம். மீனை எடுக்கணும்னு அந்தப் பொண்ணு..."

"மீனுக்கு வழி கேட்டு நீயே வந்துட்ட." அவன் திருப்புளியை நிறுத்தவில்லை. "என் மாட்ட ஏத்தின அன்னைக்கு உன்னை இந்தப் பக்கமே காணோம்."

அது உண்மை. அன்று அவளுக்கு வாரியக் கூட்டம் இருந்தது. இல்லாவிட்டாலும் அவள் வந்திருப்பாளா என்பது சந்தேகம்தான். அந்த மாடுகள் லாரியில் ஏறுவதைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

ராய்ஸ் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு, அவளைத் தாண்டிப் போய் வாயிலைத் திறந்துவிட்டான்.

மறுநாள் காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை வேலை நடந்தது. மடு ஒரு சமையலறை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தண்ணீர் தேநீர் நிறம். கை வைத்தால் வெதுவெதுப்பு. கரையில் செத்த மீன்கள் காய்ந்து மினுங்கின. ராய்ஸ் வலையின் ஒரு முனையைப் பிடித்தான், மாரிசோல் மறுமுனையை. டார்லா வாளி சுமந்தாள். வாளியைத் தம்பி அவள் கையிலிருந்து வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அவன் பார்வை வாளியோடு நின்றது. மாரிசோலிடம் மட்டும், "வெயில்ல நிக்காதம்மா, தொப்பியப் போடு," என்றான்.

மொத்தம் அறுபத்தேழு மீன். போன வருடம் மாரிசோல் இரண்டாயிரத்துக்கு மேல் எண்ணியிருந்தாள்.

டிரக்கின் தொட்டிக்குள் காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு மாரிசோல் நெற்றியைத் துடைத்தாள். டார்லா அவள் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க போரு ரெண்டையும் இன்னைக்கே நிறுத்தினா ஏதாவது ஆகுமா?"

"இந்த வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆழமான கிணறு, நிறுத்தினது ஆத்துல தெரிய ரெண்டு மூணு வருஷம் பிடிக்கும். அன்னைக்கு உங்க தம்பி மூடினப்பவே உங்களோடதும் மூடியிருந்தா..." என்று தொடங்கியவள், டார்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "சொல்ல முடியாது. எத்தனையோ காரணம் இருக்கு."

ராய்ஸ் நான்கடி தள்ளி வலையை மடித்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும். அவன் மாரிசோலைப் பார்த்து, "எங்க கொண்டு போற இதுங்கள?" என்று கேட்டான்.

"மலைப்பக்கம் எங்க பண்ணையில தொட்டி இருக்கு. அங்க வச்சுப் பெருக்குவோம். இங்க தண்ணி வந்தா திருப்பிக் கொண்டாருவோம்."

"வராது," என்றான். "ஆனா போறதுக்கு ஒரு இடம் இருக்கே. நல்லது."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டார்லா தன் வயல் பக்கம் வண்டியை நிறுத்தினாள். நீர்த்தெளிப்பான் கால் மைல் நீளத்துக்குக் கைகளை நீட்டிக்கொண்டு மெல்ல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சோளம் தலைக்கு மேல், கரும்பச்சை. ஓரின் வாய்க்காலோரம் நின்று கையசைத்தான். அவள் கையசைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தத் தாளை அவன் முன்னால் வைத்தாள். அவன் படிக்காமலே ஓரமாக நகர்த்தினான்.

"அறுபத்தேழு மீன், ஓரின்."

"ராய்ஸ் கையெழுத்துப் போட்டான். ஆறு வந்துச்சா? மீன் இருக்கா? அவனாவது நல்லா இருக்கானா? அவன் போட்டதே வீண்தான்னு நீயே கண்ணால பாத்துட்டு வந்திருக்க. நானும் போடணுமா?"

"அவன் போட்டது வீணானதே நாம போடாததாலதான்."

ஓரின் அதை யோசித்துப் பார்த்தான். நியாயமான மனிதன், யோசித்துத்தான் பார்த்தான். "இருக்கலாம்," என்றான். உருளைக்கிழங்குப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் கூட்டத்தில் டார்லா எழுந்து எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். என் கிணறு இரண்டும் இன்னும் ஓடுகின்றன. என் தம்பியிடம் நாங்களும் மூடுவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். அது உறுதியில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அவனை நம்பி இன்னும் நான்கு பேர் மூடினார்கள். இனி நான் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. கேட்க எட்டுப் பேர் இருந்தார்கள். மூடிய நால்வரில் ஒருவன் வந்திருந்தான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். தலைவர், "நன்றி, டார்லா. உங்க சேவைக்கு..." என்று ஆரம்பித்து, எப்படி முடிப்பதென்று தெரியாமல் அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த விஷயம் அலுவலகத்துக்குப் புதுக் கம்பளம்.

அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் அட்டைப் பெட்டிகள் இருந்தன. நாய்களைக் காணோம்; யாருக்கோ கொடுத்துவிட்டான் போல.

"நான் விலகிட்டேன், ராய்ஸ். எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லிட்டேன்."

"போன் வந்துச்சு." அவன் பெட்டிக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தான். "உனக்குப் பாரம் இறங்கியிருக்கும்."

"அதுக்காகச் சொல்லல."

"பின்ன? அதை வச்சு நான் என்ன பண்ணட்டும்? வயல்ல ஊத்தவா?"

அவன் இன்னொரு பெட்டியை மடக்கி நிமிர்த்தினான். உதவட்டுமா என்று கேட்கலாமா என அவள் நினைத்தாள்; கேட்கவில்லை. அவன் அடியை ஒட்டி, மேலே 'கருவிகள்' என்று எழுதும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தாள்.

அக்டோபரில் அவன் ஐடஹோ போனான். நிலத்தை மேய்ச்சலுக்கென்று டெக்கர் குடும்பம் அடிமாட்டு விலைக்கு வாங்கியது. தம்பி போன செய்தியை டார்லாவுக்குத் தபால் நிலையப் பெண் சொன்னாள், அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு.

குளிர்காலத்தில் ஒருநாள், அவள் எதிர்பார்க்காத நேரத்தில், அவனே போன் செய்தான். மகளுக்கு அம்மாவின் பீராக் மாவுக்கு எவ்வளவு ஈஸ்ட் என்று தெரிய வேண்டுமாம். டார்லா சொன்னாள். அவன் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் வேலை கிடைத்திருக்கிறது, ஆற்றோரம் வீடு, ஆறு சும்மா ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றான்.

"ராய்ஸ்," என்றாள். "என் மேல இன்னும் கோபமா?"

அவன் பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கோபம்னா என்னைக்காவது தீந்துடும், டார்லா. இது அது இல்ல," என்றான். "ஈஸ்ட் ரெண்டரைக் கரண்டிதானே?"

"ரெண்டரை."

"சரி."

அவள் போனை வைத்தாள். பக்கத்து அறையிலிருந்து ஓரின், "யாரு, ராய்ஸா? என்ன சொல்றான்?" என்று குரல் கொடுத்தான்.

"அங்க மழையாம்," என்றாள் டார்லா.